அன்ரி வீட்டு வாசலில் செருப்பு இல்லை

மகனே,

நீ இதை வாசிக்கும்போது உனக்கு என்னைவிட வயது கூடியிருக்கும். எனக்கு இப்போது பத்தொன்பது. நீ வளர்ந்து, வேலைக்கோ படிக்கவோ வீட்டை விட்டுப் போகிற நாளில் இதை உன் கையில் தர வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அப்போது இதை எழுதியவள் உனக்குத் தங்கச்சி போல இருப்பாள். தங்கச்சி சொல்கிற கதை என்று நினைத்தாவது கேள். வாயால் சொல்லியிருக்கலாமே என்பாய். எனக்கு வாயால் கதைக்க வராது. பள்ளிக்கூடத்தில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன், சத்தம் வராது. பத்தாம் வகுப்பில் அம்மாவுக்கு வருத்தம் வந்து பாயில் படுத்துவிட, நான் வீட்டோடு நின்றுவிட்டபோது எல்லோரும் பாவம் என்றார்கள். இனி எழும்பி நின்று வாசிக்கத் தேவையில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. ஆனால் எழுத வரும். நீ நித்திரையாக இருக்கிறாய், உன் அப்பா புறக்கோட்டையில் புடைவைக் கடையில் நிற்கிறார், கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இந்த அறைக்குள் இப்போது நானும் இந்தத் தாள்களும்தான்.

போன கிழமை நீ பிறந்து முப்பத்தொரு நாள் முடிந்து துடக்கு, பிள்ளைபெற்ற தீட்டு, கழிந்தது. கோவிலுக்குப் போய் வந்தபிறகு உன்னைத் தூக்கிக்கொண்டு நான் முதலில் போனது சொந்தக்காரர் வீட்டுக்கு அல்ல. வெள்ளவத்தையில், கடலுக்குப் போகிற ஓர் ஒழுங்கையில், இரண்டு உயரமான மாடிவீடுகளுக்கு நடுவில் நெரிபட்டு நிற்கிற ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குப் போனேன். அங்கே நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வீட்டில் இருப்பவர் யார் என்று தெரியாமல் அது உனக்கு விளங்காது.

ஒழுங்கையில் எல்லோரும் அவரை அன்ரி என்பார்கள். அவர் வெள்ளைக்காரி. லண்டனில் படிக்கப் போன ஒரு யாழ்ப்பாணத்து எஞ்சினியரைக் கல்யாணம் கட்டி, இளம் வயதில் இங்கே வந்து, அவர் செத்த பிறகும் திரும்பிப் போகாமல் இருக்கிறார். மாமியாரிடம் பழகிய தமிழ். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பருத்தித்துறையில் பிறந்தவர் என்பாய். மீன்காரனோடு சிங்களத்தில் பேரம் பேசும்போது அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவர் கேட்ட விலைக்கே தந்துவிட்டுப் போவான். அவருக்கு முழங்கால் ஏலாமல் போனபோது, சமைத்துக் கொடுத்துப் பகலில் கூட இருக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அம்மாவும் அப்போது தேறியிருந்தார், என் அப்பா என்னை அனுப்பினார். ஏன் அவ்வளவு அவசரமாக அனுப்பினார் என்று அப்போது நான் கேட்கவில்லை.

முதல் நாள் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். அன்ரி ஊன்றுகோலோடு வந்து வாசலைப் பார்த்தார்.

"பிள்ளை, செருப்பை உள்ளுக்கை எடு."

"வீட்டுக்குள்ளயா, அன்ரி?"

"ஓம். கதவுக்குப் பின்னாலை ஒரு தட்டு இருக்கு. வாசலிலை ஒண்டும் நிக்கக்கூடாது."

கள்ளருக்குப் பயந்து சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் காஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையன், பிரஷர் பார்க்க வருகிற டொக்டர், யாராக இருந்தாலும் அதுதான் சட்டம். பக்கத்து மாடியில் மூன்றாம் தட்டில் இருக்கிற ஒரு அக்கா, பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே என்னைக் கேட்பார்: "என்ன தங்கச்சி, வெள்ளைக்காரிக்கு இன்னும் செருப்பு விசர் தெளியேல்லையோ?" நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அன்ரி என்னைக் கதை கதை என்று ஒருநாளும் நெருக்கியதில்லை. நான் மரக்கறி வெட்டுவேன், அவர் பக்கத்தில் இருப்பார், இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். அப்படி இருந்த பின்னேரங்களில்தான், கேட்காமலே, அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவர் பிறந்தது ஒல்லாந்தில், நெதர்லாந்து என்கிறார்களே, அங்கே. எனக்குச் சரித்திரப் புத்தகத்தில் இலங்கையைப் பிடித்து ஆண்ட ஒல்லாந்தரைத்தான் தெரியும். "எங்கட கறுவாப்பட்டையை அள்ளிக்கொண்டு போன ஆக்களா?" என்று கேட்டுவிட்டேன். "போயிருப்பினம். எங்கட வீட்டுக்கு ஒரு துண்டும் வரேல்லை," என்றார். அவர்கள் யூதர்கள். யூதர் என்றால் வேதாகமத்தில் வருகிற ஆட்கள் என்றே நான் நினைத்திருந்தேன். அவருக்கு நாலு வயதில் ஜெர்மன்காரர் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தார்கள். யூதர் என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பம் குடும்பமாக ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். போனவர்களைக் கொன்றார்கள், பிள்ளைகளையும். எஸ்தர் என்பது அன்ரியின் பெயர். ஒருநாள் காலையில் அவருடைய தாய் அவருக்குத் தலை வாரி, இரண்டு சட்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் சைக்கிளில் பின்னால் ஏற்றிவிட்டார். "இண்டையிலிருந்து உன்ரை பேர் லீனா. எஸ்தர் எண்டு ஆர் கூப்பிட்டாலும் திரும்பிப் பாராதை. நான் கூப்பிட்டாலும்," என்று சொன்னாராம். அன்ரி இதைச் சொல்லும்போது அழவில்லை. எனக்குத்தான் வெங்காயம் வெட்டாமலே கண் எரிந்தது.

அந்தச் சைக்கிள் போய் நின்றது ஒரு தோட்டக்காரர் வீட்டில். மாடு, உருளைக்கிழங்கு, மழைச்சேறு. புருசன், பெண்சாதி, மூன்று பெரிய பொடியன்கள். அந்த வீட்டு அம்மா நல்லவர், ஆனால் கொஞ்சமும் கொஞ்சுகிறவர் அல்ல. முதல் நாளே பிள்ளையைச் சமையலறையில் நிறுத்திப் பழக்கத் தொடங்கினார். பயத்தில் மூக்கால் மூச்சு விட்டால் சத்தம் கேட்கும், வாயைக் கொஞ்சம் திறந்து விடு. கால் மரத்துப்போனால் காலை எடுக்காதே, செருப்பில்லாத காலின் விரலை மட்டும் ஆட்டு. இருமல் வந்தால் காய்ந்த அப்பிள் துண்டு ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள், கடிக்காதே, ஊறவிடு. கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை கழன்று வரும். அதற்குள் ஒரு பிள்ளை குந்தி இருக்க மட்டும் இடம். வாசலில் நாய் குரைத்தால் லீனா அதற்குள். நாய் படுக்கும்வரை வெளியே வர முடியாது.

எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் இன்னொன்று. அந்த ஊரில் எல்லோரும் மரத்தில் குடைந்த செருப்புத்தான் போடுவார்கள். சேறு வீட்டுக்குள் வரக்கூடாது என்று அதை வாசலில் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போவார்கள், எங்களைப் போலவே. ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று அறியக் கதவைத் தட்டத் தேவையில்லை, வாசலைப் பார்த்தால் போதும். பக்கத்துத் தோட்டத்து வீட்டில் அப்படித்தான் பிடிபட்டார்கள். சோதனைக்கு வந்தவன் ஆட்களை வரிசையில் நிறுத்தினான், பிறகு குனிந்து செருப்பைப் பார்த்தான். ஆட்களைவிடச் செருப்பு கூடுதல். ஒளித்து வைத்திருந்தவர்களையும் கொண்டுபோனார்கள், ஒளித்தவர்களையும் கொண்டுபோனார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கே, லீனாவுக்கென்று தன் புருசன் செய்து முடித்திருந்த சின்ன மரச்செருப்பை அந்த அம்மா அடுப்பில் போட்டு எரித்தார். அதற்குப் பிறகு யுத்தம் முடியும்வரை அந்தப் பிள்ளையின் காலுக்குச் செருப்பே இல்லை. பனிக்காலத்திலும் மேசுதான், வெறும் காலுறை.

யுத்தம் முடிந்து லண்டனிலிருந்து ஒரு மாமா தேடி வந்தார். எஸ்தரின் குடும்பத்தில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். வாசலில் நின்று "எஸ்தர்!" என்று கூப்பிட்டார். பிள்ளை மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தது. திரும்பவில்லை. கிட்ட வந்து, இன்னும் கிட்ட வந்து கூப்பிட்டார். அது புல்லைத்தான் போட்டது. பிழையான பிள்ளை என்று நினைத்து அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். அந்த வீட்டு அம்மாதான் ஓடிவந்து, பிள்ளைக்கு முன்னால் முழங்காலில் இருந்து, "இனித் திரும்பிப் பாக்கலாம், எஸ்தர்," என்றாராம். தனக்கு அந்தப் பெயர் தெரியும் என்று அந்த அம்மா அதுவரை ஒருதரமும் காட்டியதில்லை. "அப்பதான் திரும்பினனான்," என்றார் அன்ரி. ஏழு வயதுப் பிள்ளை. எனக்கு ஏழு வயதில் சீனிப் போத்தலை ஒளித்து வைத்த இடத்தைக்கூடச் சொல்லாமல் இருக்க முடிந்ததில்லை. ஒரு பிள்ளைக்குள் அவ்வளவு பெரிய காவல் இருக்க முடியுமா என்று அன்றைக்கு பஸ்ஸில் வீடு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். புறக்கோட்டையில் இறங்கி மாற மறந்து, கண்டக்டர் ஏசித்தான் இறங்கினேன்.

அன்றைக்கு இதை என் அப்பாவுக்குச் சொன்னேன். உன் தாத்தா அதிகம் கதைக்கிற மனிதர் அல்ல, நீயும் இப்போது அறிந்திருப்பாய். காய்ந்த அப்பிள் துண்டு என்று நான் சொன்னதும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். செருப்பு என்றதும் எழும்பிவிட்டார். பிறகு திரும்ப இருந்து, "அப்ப அவ அதை அங்கயா படிச்சவ?" என்றார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் நடந்த கதையை அன்றுதான் எனக்கு முழுதாகச் சொன்னார்.

அப்பாவுக்கு அப்போது ஆறு வயது. அன்ரி வீட்டுக்குப் பக்கத்தில், இப்போது அந்த மாடி நிற்கிற இடத்தில், வாடகைக்கு இருந்தார்கள். அன்று திங்கட்கிழமை. காலையிலேயே, காலி ஊருக்குப் போகிற பெரிய ரோட்டான காலி வீதிப் பக்கம் புகை. தமிழருடைய கடைகளையும் வீடுகளையும் எரித்துக்கொண்டு ஒரு கூட்டம் ஒழுங்கை ஒழுங்கையாக வருகிறது என்று சொன்னார்கள். அப்பாவின் அப்பா வேலைக்குப் போயிருந்தார். அப்பாவின் அம்மா, அவருக்கும் அப்போது சின்ன வயதுதான், பிள்ளையை இழுத்துக்கொண்டு அன்ரி வீட்டுக்கு ஓடினார். பின்னால் இன்னும் இரண்டு குடும்பம். அன்ரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சமையலறைக்குப் பின்னால் சாமான் அறை ஒன்று இருந்தது, எல்லோரையும் அதற்குள் விட்டார். கதவுக்கு முன்னால் பெரிய அலுமாரியை இழுத்து வைக்க வேண்டும். அவருடைய புருசன், அங்கிள், அறைக்குள் போக மாட்டேன் என்று நின்றார்.

"நான் வெளியில போய் அவங்களோட கதைக்கிறன். எனக்குச் சிங்களம் நல்லாத் தெரியும்."

"உங்கட சிங்களத்திலை யாழ்ப்பாணம் மணக்கும். உள்ளுக்கை போங்கோ."

அங்கிள் உள்ளே போனார். அப்பாவுக்கு அன்றைக்கு நெஞ்சுச் சளி. அறைக்குள் தூசி. இருமல் தொண்டையில் வந்து நிற்கிறது, அவருடைய தாய் கையால் வாயைப் பொத்துகிறார். அன்ரி அந்தக் கையை எடுத்துவிட்டு, பனங்கட்டித் துண்டு ஒன்றைப் பிள்ளையின் நாக்குக்கு அடியில் வைத்தார். "கடியாதை. கரைய விடு. வாயைத் திறந்து மூச்சு விடு. கால் மரத்தால் விரலை மட்டும் ஆட்டு, என்ன?" என் அப்பா இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்டைக்கு எல்லாரும் எனக்குப் பயப்பிடாதை, பயப்பிடாதை எண்டுதான் சொன்னவை. அவ மட்டும்தான் எப்பிடி இருக்கவேணும் எண்டு சொன்னவ."

அலுமாரியை இழுத்து வைத்துவிட்டு அன்ரி முன்பக்கம் வந்து பார்த்தார். வாசலில் செருப்பு. பாட்டாச் செருப்பு, குதிச் செருப்பு, ஆண்கள் செருப்பு, பிள்ளைகள் செருப்பு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்களில் ஒருவர்கூடச் செருப்போடு உள்ளே வரவில்லை, மகனே. அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைவதா? அப்பாவின் அம்மா பிள்ளையின் செருப்பைக் கழற்றி, ஓரமாக, ஜோடியாக வைத்துவிட்டு வந்திருந்தார். அவரைக் கேட்டிருந்தால் வைத்த ஞாபகமே இருந்திராது. அறைக்குள் இருந்த படித்தவர்கள், உத்தியோகத்தர்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எங்களில் யாருக்கும் தோன்றியிராது, அது எங்கள் கண்ணுக்கே தெரியாத பழக்கம். எங்கோ ஒரு சேற்று ஊரில், அடுப்பில் எரிந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பிள்ளைக்குத்தான் அது தெரியும்.

அன்ரி பாவாடையை விரித்து எல்லாவற்றையும் வாரி அள்ளினார். உடுப்புத் தோய்க்கப் போட்டிருந்த வாளிக்குள் கொட்டி, மேலே ஈரத்துணியைப் போட்டார். தன்னுடைய ஒரு சோடியை மட்டும் வாசலில் விட்டார். கூட்டம் படலையைத் தள்ளித் திறந்துகொண்டு வந்துவிட்டது. அன்ரி வாசற்படியில் நின்றார். வெள்ளைக்காரியைக் கண்டதும் முன்னால் வந்தவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். வீட்டில் தமிழர் இருக்கிறார்களா என்று ஒருவன் கேட்டான். "என்னைப் பார்த்தால் தமிழ் போலவா இருக்கு?" என்று அன்ரி சிங்களத்திலேயே கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போது ஒருவன் குரோட்டன் செடிக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ எடுத்தான். நீல வாருள்ள ஒரு சின்னச் செருப்பு. அள்ளும்போது உருண்டு விழுந்திருக்கிறது. என் அப்பாவுடையது.

"மே காகெத?" இது யாருடையது?

அலுமாரிக்குப் பின்னால் எல்லோருக்கும் அந்தக் குரல் கேட்டது. அன்ரி வீட்டில் பிள்ளைகள் இல்லை என்பது அந்த ஒழுங்கைக்கே தெரியும். அப்பாவின் வாயில் பனங்கட்டி முடிந்து கொண்டிருந்தது.

"அப்பே பல்லாகென் அஹன்ன," என்றார் அன்ரி. எங்கள் நாயிடம் கேள். சொல்லிவிட்டு, படிக்குக் கீழே படுத்திருந்த நாயைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். ஒழுங்கையில் ஒரு வீட்டுச் செருப்பை விட்டு வைப்பதில்லை இந்தக் கள்ளப்பயல், நேற்று டொக்டருடையது, இன்றைக்கு இது யாருடையதோ, நாளைக்கு வந்து என்னோடு சண்டை பிடிப்பார்கள், உன் மகனுக்கு அளவென்றால் கொண்டு போ, மற்றக் கால் செருப்பை நாயின் வயிற்றுக்குள் தேடு. வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அவர் கத்தியதே இல்லையாம். ஒரு சத்தமும் போடாமல் இருந்து உயிர் தப்பிய பிள்ளை, அன்றைக்கு ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தியது. கூட்டம் சிரித்தது. அவன் செருப்பை நாய்க்கு எறிந்தான். நாயும், தன் பங்குக்கு, அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வீடு அப்பா குடியிருந்த வீடு. அது எரிகிற சத்தத்தை அவர் அந்த அறைக்குள் இருந்து கேட்டார். இருமவில்லை.

பின்பக்க ஒழுங்கையில் இருந்த ஒரு சிங்களக் குடும்பம் அடுத்த நாள் தங்கள் வான் வண்டியில் பாயை விரித்து எல்லோரையும் படுக்கவைத்து இரத்மலானை விமான நிலைய முகாமில் கொண்டுபோய் விட்டது. அங்கேதான் அப்பா தன் தகப்பனைக் கண்டார். அவர்கள் தப்பியதால் நான் இருக்கிறேன், நான் இருப்பதால் நீ இருக்கிறாய். உன்னைப் பால் குடிக்க வைக்கும்போது சில நேரம் இதை நினைத்து அப்படியே திகைத்துப் போகிறேன். ஒல்லாந்தில் ஒரு பெண், தன் வீட்டுச் சமையலறையில், தனக்கு ஒரு உறவுமே இல்லாத ஒரு பிள்ளைக்கு மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தாள். அந்த மூச்சு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பார்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வயது போதாது. ஆனாலும் தாய் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஒருநாள் யாராவது பயந்து உன் வாசலுக்கு ஓடிவந்தால் பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு நிற்காதே. அவர்கள் பயத்தில் எதைக் கவனிக்காமல் வந்திருப்பார்கள் என்று பார். கதைக்காத பிள்ளையைக் கண்டால் மொக்கு என்று நினைக்காதே. அது எதைக் காத்துக்கொண்டு நிற்கிறதோ, உனக்குத் தெரியாது.

இனிப் போன கிழமை நடந்தது. உன்னை அன்ரியின் மடியில் வைத்தேன். நானும் கீழே கை கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ அவருடைய மூக்கைப் பார்த்தாய், வெள்ளைத் தலைமயிரைப் பார்த்தாய், பிறகு ஒரு கத்து. பசியும் இல்லை, ஈரமும் இல்லை. அந்தச் சின்ன வீடு முழுக்க நீதான். நான் பதறிப்போய் "ச்சூ, ச்சூ" என்று உன் வாயில் கை வைத்தேன்.

"ஏன் அவன்ரை வாயைப் பொத்துறாய்?"

"மேல் வீட்டுக்கெல்லாம் கேக்கும், அன்ரி."

"கேக்கட்டும். கையை எடு."

எடுத்தேன். நீ இன்னும் கூடக் கத்தினாய். அன்ரி உன்னைத் தாலாட்டவும் இல்லை, சமாதானப்படுத்தவும் இல்லை. முகத்தை உனக்குக் கிட்டக் கொண்டுவந்து, ஒரு சொல்லையும் விடாமல் கேட்கிறவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஜன்னலைத் திற, பிள்ளை," என்றார். ஒழுங்கைப் பக்கத்து ஜன்னல், பல நாள் திறக்காதது. தள்ளித் திறந்தேன். வெயிலும் கடற்காற்றும் உள்ளே வர, உன் சத்தம் வெளியே போனது. மூன்றாம் தட்டு அக்கா பல்கனியால் எட்டிப் பார்த்தார்.

"அன்ரி! என்ன சத்தம் அது? ஆர் வந்திருக்கினம்?"

அன்ரி என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். உன்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வரச் சொன்னார். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாடிக்கும் ஒழுங்கைக்கும் காலி வீதிக்கும் கேட்கும்படி, எண்பது கடந்த தன் தொண்டையில் இருந்ததையெல்லாம் சேர்த்துச் சொன்னார்:

"இஞ்சை ஒரு பிள்ளை இருக்கு!"